'பரதேசி': கம்பு டம்மி, டாக்டர்?

[திரையில்: மூடுபனி, தேயிலைச் சரிவு]

2013இல் பாலாவின் 'பரதேசி' தியேட்டருக்கு வருவதற்கு முன்னாடியே அதன் டீசர் ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியது. டைரக்டர் கையில் கம்பு. கந்தல் கட்டிய நடிகர்களை விளாசித் தள்ளுகிறார். தேயிலை எஸ்டேட் கொத்தடிமைகளைப் பற்றிப் படம் எடுக்கிறவர் இப்படியா என்று கண்டனம். அது டம்மிக் கம்பு, எப்படி அடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார் என்றது படக்குழு. சரி, நம்புவோம். ஆனால் அதையே வெட்டி ஒட்டி விளம்பரமாக விட்டார்களே! எஸ்டேட் கூலிகள் வாங்கிய அடி அங்கே டிக்கெட் விற்கும் சரக்காகிவிட்டது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய கோளாறு படத்துக்குள்ளேயே இருக்கிறது.

[திரையில்: நாவலின் அட்டை]

படத்துக்கு மூலம், பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ'. இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் 'எரியும் பனிக்காடு'. டேனியல் 1940களில் வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக வேலை பார்த்தவர், அப்புறம் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துத்தான் எழுதினார். அவர் நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாம், நோயில் மடிந்துகொண்டிருந்த கூலிகளுக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்கிறவர்.

படத்தில் அந்த இடத்துக்கு வருகிறவர் டாக்டர் பரிசுத்தம். சிவசங்கர் மாஸ்டர் நடித்தது. கூட வெள்ளைக்கார மனைவி. கொள்ளைநோயில் பிணம் விழுகிற லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், இருவரும் ஆடிப் பாடி மதம் பரப்புகிறார்கள். அதுவரை அட்டைக்கடியும் பசியுமாக நம் நெஞ்சை அழுத்திய படம், திடீரென்று கேலிக்கூத்தாகிறது.

நாவலை மாற்ற டைரக்டருக்கு உரிமை உண்டு. மிஷனரிகளை விமர்சிக்கவும் உண்டு. ஆனால் ஒரு டாக்டர் எழுதிய சாட்சியத்தை வாங்கி, அதிலிருந்த டாக்டரையே கோமாளியாக்கினால், சாட்சி சொன்னவரையே கேலி செய்ததாகாதா?

இத்தனைக்கும் பாலாவுக்கு அந்த உலகம் பிடிபடாமல் இல்லை. கணக்கு முடிக்கும் காட்சியைப் பாருங்கள். வருஷமெல்லாம் உழைத்தவன் ஊருக்குப் போகலாம் என்று வந்து நிற்கிறான். முன்பணத்துக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு, கடைச் சாமானுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் அவன்தான் கடன்காரன். கம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணி முறை என்ன செய்தது என்று அந்தப் பேரேடு சொல்லிவிடுகிறது. டீசரில் போட்டிருக்க வேண்டியது அதைத்தான்.