பாடம் நடத்துவதற்காகக் கட்டப்படாத கட்டடம்

எல்லாருக்கும் வணக்கம். மெரினா பக்கம் பஸ்ஸில் போகும்போது, சேப்பாக்கத்தில் நாலு மூலையிலும் கோபுரம் வைத்து நிற்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறைதானே ஞாபகம் வரும்? ஆனால் அந்தக் கட்டடத்தைப் பாடம் நடத்துவதற்காகக் கட்டவே இல்லை. எனக்கு இது தெரிய வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள், லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து. கல்லூரிகள் பாடம் சொல்லும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. அதற்கு என்ன வேண்டும்? பட்டமளிப்புக்கும், செனட் என்கிற பல்கலைக்கழக நிர்வாக சபை கூடிப் பேசுவதற்கும் ஒரு பெரிய மண்டபம். அந்த மண்டபத்தைத்தான் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் 1874-லிருந்து 1879 வரை கட்டினார். பக்கத்திலேயே 1768-ல் எழுந்த ஆற்காடு நவாப்பின் சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. அதன் வளைவுகளும் குவிமாடங்களும் கண்ணெதிரே இருக்கும்போது ஐரோப்பியக் கட்டடம் ஒன்றை அப்படியே கொண்டுவந்து நட்டுவிடாமல், அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கட்டினாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சரி, அதற்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள்? முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். ஏட்டுச்சுவடியில் கிடந்த கலித்தொகையை அச்சேற்றிய அதே தாமோதரம்பிள்ளைதான். அவர் பட்டம் வாங்கி ஏறத்தாழ 20 ஆண்டு கழித்துத்தான் செனட் ஹவுஸ் முடிந்தது.

அப்புறம் ராமானுஜன். தேர்வு வைப்பதே முதல் வேலையாக இருந்த பல்கலைக்கழகம் இது, பட்டப் படிப்புக்கு முந்தைய அதன் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவே இல்லை, கணக்கைத் தவிர மற்றதில் மனம் போகாததால். பட்டம் இல்லை, சென்னைத் துறைமுகத்தை நடத்திய போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அந்த மனிதருக்கு 1913-ல் இதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று எழுதித் தந்தால் போதும் என்று. தன் தேர்வு விதிகளால் தோற்றுப்போன, பட்டமில்லாத ஒருவருக்காக அந்த விதிகளையே தள்ளிவைக்க ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு மனசு வேண்டும்! எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே பெரிய நாள் அதுதான்.

1937-ல் தேர்தல் முடிந்து ராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது சட்டமன்றமும் கொஞ்ச காலம் இந்த மண்டபத்தில்தான் கூடியது. அப்படியும் ஒரு பாத்திரம் அதற்கு உண்டு.

இனி நான் கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி செனட் ஹவுஸைப் புதுப்பித்தார்கள், நல்ல வேலை. ஆனால் பழைய கட்டடம் ஒருமுறை புதுப்பித்தால் முடிந்துபோகிற சமாசாரம் இல்லை, அதுவும் இந்த உப்புக் காற்றில். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். அவசரத்துக்கு அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், உப்பு செங்கல்லை அரிக்கும். நீங்கள் படிக்கிற கல்லூரியில் அப்படிப் பூசின சுவர் இருந்தால் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள், பூச்சு விட்டுப்போன இடத்தில் டொக் டொக்கென்று காலியாகச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, போட்டோ எடுத்து, கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.