இரண்டு முனைகளை மட்டும் பார்த்து வீச்சை எழுதலாமா?

தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவி தன் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பி, "சேர், ஆட்சி சரி, வீச்சு மட்டும் பிழை என்று போட்டிருக்கிறது, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். வரைபைப் பார்த்து ஆட்சியையும் (வரைபில் வரும் எக்ஸ் பெறுமானங்கள்) வீச்சையும் (வரைபில் வரும் வை பெறுமானங்கள்) எழுதுவதே கணக்கு. எக்ஸிலிருந்து 1ஐக் கழித்து, வர்க்கித்து, அதிலிருந்து 4ஐக் கழித்தால் வை கிடைக்கும். அந்தப் பரவளைவின் ஒரு துண்டுதான் வரைபு. அதன் இடது முனை எக்ஸ் −2, வை 5 என்ற இடத்தில் வெற்று வட்டமாகவும் (அந்தப் புள்ளி சேராது), வலது முனை எக்ஸ் 3, வை 0 என்ற இடத்தில் நிறைத்த வட்டமாகவும் (அந்தப் புள்ளி சேரும்) இருக்கின்றன. ஆட்சி −2இலும் பெரிது, 3 வரை, 3 உட்பட என்று எழுதியது முற்றிலும் சரி. வீச்சை 0 முதல் 5 வரை என்று எழுதியதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது.

மகளே, நீங்கள் இரண்டு முனைகளின் உயரத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நானுஓயாவில் ஏறிப் பதுளையில் இறங்கும் புகையிரதத்தை நினைத்துப் பாருங்கள். நானுஓயா நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்திலும், பதுளை நிலையம் சுமார் 650 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. ஆனால் பாதை நேரே இறங்கிவிடுவதில்லை. பட்டிப்பொலையை அண்டிய உச்சியில் 1,898 மீற்றர் வரை ஏறிய பிறகுதான் ஒஹியப் பக்கம் இறங்கத் தொடங்குகிறது. கடந்த தூரத்தை எக்ஸ் அச்சிலும் உயரத்தை வை அச்சிலும் குறித்தால், வீச்சு 650 முதல் 1,898 வரை அமையும். முனைகளை மட்டும் நம்பியவர் அந்த உச்சியையே இழந்துவிடுவார். உங்கள் பரவளைவில் இழந்தது உச்சியை அல்ல, பள்ளத்தை: எக்ஸ் 1 ஆகும்போது வை −4 ஆகிறது.

அடிமட்டத்தை எடுத்து வரைபின் மேல் நிலைக்குத்தாகப் பிடித்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். அது வரைபைத் தொடும் எக்ஸ் பெறுமானங்கள் எல்லாம் சேர்ந்ததே ஆட்சி. பிறகு அதைக் கிடையாகத் திருப்பி, தாளின் அடியிலிருந்து மேலே உயர்த்துங்கள். −4இல் முதன்முதலாகத் தொடும், அதன்பின் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டே போகும், 5இல் வெற்று வட்டத்தைச் சந்தித்து நின்றுவிடும். ஆகவே வீச்சு −4 முதல் 5 வரை; −4 சேரும், 5 சேராது. பரீட்சையிலும் இப்படிச் செய்து பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

வெற்று வட்டம் என்றதும் அந்த வை பெறுமானத்தை உடனே நீக்கிவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது எப்போதும் சரியாகாது. இதே வரைபை எக்ஸ் 4 வரை நீட்டி, அங்கே நிறைத்த வட்டம் இட்டிருந்தால், அந்த முனையில் வை மீண்டும் 5 ஆகும். இடது பக்கம் 5 விடுபட்டாலும் வலது பக்கம் அது கிடைத்துவிடுகிறபடியால், 5 வீச்சில் சேர்ந்தே தீரும். இந்த வரைபின் ஆட்சியில் இந்தச் சிக்கல் எழாது. சார்பொன்றில் ஓர் எக்ஸ் பெறுமானத்துக்கு ஒரேயொரு புள்ளிதான் இருக்க முடியும் என்பதால், அந்தப் புள்ளி வெறுமையாகி, அதே எக்ஸிற்கு நேர் மேலேயோ கீழேயோ வேறு நிறைத்த வட்டமும் இல்லாவிட்டால், அந்த எக்ஸ் இல்லை என்றே பொருள். ஒரே உயரத்தை மட்டும் பல இடங்களில் தொடலாம்.

முனையில் வட்டத்துக்குப் பதிலாக அம்புக்குறி இருந்தால், வரைபு அந்தத் திசையில் முடிவின்றித் தொடர்கிறது என்று கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரண தரத்தில் புள்ளிவிபரவியல் படித்தபோது, மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து வரும் ஓர் எண்ணை வீச்சு என்று எழுதினோம். இங்கே வீச்சு என்பது ஒரு தொடை, அதாவது பெறுமானங்களின் கூட்டம். உங்கள் கணக்குக்கு 9 என்று விடை எழுதினால் புள்ளி கிடைக்காது. வை −4இற்குச் சமன் அல்லது பெரிது, 5இலும் சிறிது என்றே எழுதவேண்டும்.