கூடைக்குள் இருக்கிறது கணக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாட்டுக்கு அதிகம் சம்பாதித்துத் தருவது பொழுதுபோக்குத் தூண்டிலா, தொழில் வலையா? வலைதான்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "வலையில் விழுந்த மீன் குழம்போடு முடிந்தது. காவிரிக் கரை பீமேஸ்வரியில், தூண்டிலில் மாட்டிய யானைக்கெண்டையைப் போட்டோ எடுத்துவிட்டு ஆற்றிலேயே விட்டார்கள். ஒரே மீன் பத்துப் பேரிடம் காசு வாங்கித் தந்தது" என்றார். கைதட்டலும் வாங்கினார். அங்கே இருந்த தூண்டில் முகாம்களில் மீன் திருடியவர்களே காவலர்களாக மாறியது உண்மை, நல்ல காரியம். ஆனால் அது சரணாலயப் பகுதி என்று 1972 வனவிலங்குச் சட்டத்தைக் காட்டித் தூண்டிலை நிறுத்தினார்களே, அப்புறம் அந்த வருமானம் எங்கே?

சரி, குழம்போடுதான் முடிகிறதா? விடியற்காலையில் காசிமேட்டுக்கு வாருங்கள். வஞ்சிரம் கரையேறும் முன்பே டீசல் போட்டவர், ஐஸ் உடைத்தவர், வலை பின்னியவர் எல்லாருக்கும் காசு. ஏலம் விட்டவருக்குக் கமிஷன். கடலுக்குப் போன ஆட்களுக்குப் பங்கு. மீன்பாடி வண்டிக்காரருக்கு வாடகை. ஆய்ந்து தருகிற அக்காவுக்குக் கூலி. கழிசல் மீன்கூடக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. குழம்பு கடைசி ஸ்டாப்பிங், அய்யா!

அங்கே கூடை தூக்கியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு கூடை சங்கராவை ஏலத்தில் எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருநாள் நாற்றம் என்று சொல்லி அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். நடந்தாள். புரசைவாக்கம் வரை நடந்தாள். ஐஸ் உருகி முதுகெல்லாம் ஒழுக ஒழுக நடந்தாள். வீதியில் நுழைந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல "சங்கரா... சங்கரா..." என்று குரல் கொடுத்தாள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். அந்த வருஷம் ஜூனில் எனக்குக் கல்லூரிக் கட்டணம். அவ்வளவு நாளும் கருவாடு விற்றுச் சேர்த்தாள். நோட்டெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. கவுன்டரில் இருந்தவர் விரல் நுனியால் வாங்கினார். அம்மா ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள், எனக்குக்கூடத் தரவில்லை. அவள் போன பிறகுதான் என் கைக்கு வந்தது.

நடுவர் அவர்களே, இதோ அந்த ரசீது. வாங்கிப் பாருங்கள்.