ஒரு விரலில் தொடங்கும் ஓபரா

(நாகர்கோவிலில் பாடகர் குழு இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியது)

மக்களே, இருபது வயதில் நான் ஹாண்டலின் அல்லேலூயா கோரஸைக் கேசட்டில் கேட்டுத்தான் படித்தேன். நான் டெனர், ஆண்களில் மேல் குரல். நான்கு குரலும் சேர்ந்து ஒலிக்கும்போது டெனர் எங்கே தெளிவாகக் கேட்கும்? கேட்காத இடத்தில் பெண்களின் மேல் குரலான சோப்ரானோ மெட்டையே கீழே இறக்கிப் பாடிவைத்தேன். ஒரு மாதம் அதையே பாடித் தொண்டையில் ஏற்றியாயிற்று. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆர்கன் முழங்க, என் பக்கத்தில் நின்றவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன். அந்தத் தப்பை மறக்க, படித்ததைவிட அதிக நாள் பிடித்தது.

நாடகத்தையே பாட்டாகப் பாடி நடிக்கும் ஓபரா பாடகர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். தொண்டை ஒரு தடவை பழகிவிட்டால் லேசில் விடாது. அதனால் புதுப் பாத்திரம் கையில் வந்ததும் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. வோகல் ஸ்கோர் என்று ஒரு புத்தகம் உண்டு. பாடகர்களின் வரிகள் மேலே இருக்கும், ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் பியானோவுக்குச் சுருக்கிக் கீழே எழுதியிருப்பார்கள். தன் வரிகளுக்குக் கோடு போட்டுக்கொண்டு, இத்தாலியனோ ஜெர்மனோ, சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதுவார்கள். எதிரே நிற்பவர் பாடுவதற்கும் சேர்த்துத்தான். அப்புறம் மெட்டில்லாமல், தாளத்தோடு வசனத்தைச் சொல்லிப் பார்ப்பார்கள். அதன்பிறகு மெட்டைப் பியானோவில் வாசிப்பார்கள். குரல் கடைசியில்தான். உச்ச ஸ்வரத்தைக் குரல் ஒரு நாளில் எத்தனை தடவை தாங்கும்? பியானோவுக்குக் களைப்பில்லை. ஒத்திகையிலும் முழுக்குரல் கொடுக்காமல் பாதிக் குரலில் பாடி மிச்சம் பிடிப்பது அங்கே சாதாரணம்.

1949 ஜனவரியில் வெனிஸில் ஓபரா பாடகி மரியா காலாஸ், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா ஒன்றில் கனமான பாத்திரம் பாடிக்கொண்டிருந்தார். அதே அரங்கில் இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் 'இ பூரிட்டானி' ஓபராவில் பாட வேண்டியவர் நோயில் விழுந்தார். ஒரு வாரத்துக்குள் அந்த எல்விரா பாத்திரத்தைப் படித்து மேடையேறினார் காலாஸ். வாக்னருக்கு நேர் எதிரான, வேகமாக ஓடும் ஸ்வரங்கள் நிறைந்த பாத்திரம் அது! காலாஸ் சின்ன வயதிலேயே பியானோ படித்தவர். கிட்டப்பார்வை வேறு, கண்ணாடி இல்லாமல் மேடையில் நிற்கையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை சரியாகத் தெரியாது. இசை முழுவதும் உள்ளுக்குள் இருந்தால்தான் அவரால் பாட முடியும்.

சரி, நமக்கு எவ்வளவு பியானோ வேண்டும்? கச்சேரி வாசிக்கிற அளவு வேண்டாம். வலது கையின் ஒரு விரலில் உங்கள் வரி, இடது கையின் ஒரு விரலில் ஆக அடியில் ஒலிக்கும் பேஸ் வரி, இதுவே போதும் என்பேன். பழகியபின் வலது கையில் பக்கத்துக் குரலை வாசித்துக்கொண்டு உங்கள் வரியைப் பாடுங்கள். முதலில் குழறும். குழறுகிற இடமெல்லாம் நீங்கள் இன்னும் படிக்காத இடம்.

இதைக் கேளுங்கள். (கீபோர்டில் வாசித்து) வலது கையில் ஈ என்ற ஸ்வரம், நம் பெரியவர்கள் டோ, ரே, மீ என்று பாடிய சோல்ஃபாவில் 'மீ'. கீழே சி வைக்கிறேன், வெளிச்சமாக இருக்கிறதா? ஈயை விடாமல் பிடித்துக்கொண்டு, சியை எடுத்துவிட்டு ஏ வைக்கிறேன். மேலே எதுவும் மாறவில்லை. ஆனால் மழை மூடினமாதிரி ஆகிவிட்டது. சியில் தொடங்கும் வெளிச்சமான சி மேஜரில் மூன்றாவதாக இருந்த ஸ்வரம், ஏயில் தொடங்கும் மந்தமான ஏ மைனரில் ஐந்தாவதாகிவிட்டது. ஒரே ஸ்வரத்தை நான்கு எண்ணிக்கைக்கு இழுக்கச் சொன்னால் டெனர்களுக்கு அலுப்பு வருகிறதே, அடியில் என்ன நடக்கிறது என்று கேட்காததால்தான் அந்த அலுப்பு. ஓபரா பாடகரைப் பியானோ பக்கத்தில் உட்காரவைத்து, பாத்திரத்தைச் சொல்லிக்கொடுக்கும் கோச் நாள்கணக்கில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

இந்த வருஷக் கேரலில் இரண்டாம் வரியில் டெனருக்கு இதேபோல் நீண்ட ஸ்வரம் ஒன்று இருக்கிறது. தம்பிகளில் இரண்டு பேர் வாங்க. ஒருத்தர் பேஸ் வரியை வாசியுங்கள், ஒருத்தர் பாடுங்கள். மெதுவாக, முதல் நான்கு எண்ணிக்கை மட்டும்.