ஹைபிரிட் காரில் பிரேக் பேடு எவ்வளவு ஓடும்?

வணக்கம் மக்களே. "ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டி, 40,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, முன் பேடு மாற்றணும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள், மாற்றலாமா?" இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை ஓட்டக்கூடிய மோட்டாரும் இருக்கும் கார். பேடு என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் பட்டை. பேடில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். புதுப் பேடில் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெறும் கிலோமீட்டரைச் சொல்லி மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

சாதாரண பெட்ரோல் கார் ஊருக்குள்ளேயே ஓடினால் 30,000, 50,000-க்குள் முன் பேடு காலியாகிவிடும். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் மாதிரி வண்டிகளின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களில் அதே பேடு ஒரு லட்சத்தைத் தாண்டுவது சகஜம். நீங்கள் பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது வண்டியை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் மோட்டார்தான். அது ஜெனரேட்டராக மாறி பேட்டரியை ஏற்றுகிறது. வேகம் 10 கி.மீ.க்குக் கீழே வந்த பிறகும், சட்டென்று ஓங்கி மிதிக்கும்போதும்தான் பேடுக்கு முழு வேலை. மைல்டு ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதில் இருப்பது சின்ன மோட்டார், பேடு பெட்ரோல் கார் மாதிரியேதான் தேயும்.

மலைப்பாதையில் கதை மாறும். ஹைரைடரின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி, ரொம்பச் சின்னது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வழியிலேயே நிரம்பிவிடும். அதற்கப்புறம் மோட்டாரால் பெரிதாக இழுத்துப் பிடிக்க முடியாது, பாரம் பேடு மேல் வந்துவிடும். அதனால் இறக்கம் தொடங்கும்போதே கியரை 'B'யில் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) போட்டு இன்ஜினையும் வேலை வாங்குங்கள்.

சரி, பேடு தேயவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடலாமா? கூடாது. எனக்குப் பெரிய கவலையே இங்கேதான். பேடுக்கு வேலை இல்லாததால் டிஸ்க் மேல் படியும் துரு வழிக்கப்படாமல் அப்படியே தங்கிவிடுகிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வேறு. பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கைடு பின்னில் கிரீஸ் காய்ந்து பின் இறுகிவிடும். அப்புறம் உள்பக்கப் பேடு விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், வெளிப்பக்கப் பேடு புதுசு மாதிரியே இருக்கும். வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த வெளிப்பேடுதான். "பாதிக்கு மேல் இருக்கு சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உள்ளே பேடு தேய்ந்துபோய், அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைத் தொடும் நிலையில் இருக்கும்.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை வீலைக் கழற்றி, கைடு பின்னை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்று இருக்கும் சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். கண்ட கிரீஸையும் தடவினால் ரப்பர் உப்பிவிடும். பக்கத்திலேயே நின்று உள்பேடு, வெளிப்பேடு இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே வீலில் இரண்டுக்கும் 2, 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், பேடு மாற்றுவதற்கு முன்னால் காலிப்பரைச் சரிசெய்யணும். இல்லையென்றால் புதுப் பேடும் அதே கதிதான். வெளியே மெக்கானிக்கிடம் விடுகிறீர்களா? டொயோட்டா ஹைபிரிட்களில் பிரேக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கதவைத் திறந்தாலே பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றக்கூடிய மாடல்கள் உண்டு. அந்த நேரத்தில் காலிப்பரில் கை வைத்தால் ஆபத்து. ஹைபிரிட் பிரேக் பார்த்துப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டரே கிடையாது, காலம்தான் கணக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்திலுள்ள புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கணும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 ஆக இறங்கிவிடும். பேடு தடிமனாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டி எது, எந்த ஊர், உள்பேடு எத்தனை மி.மீ., வெளிப்பேடு எத்தனை? கமெண்ட்டில் போடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கட்டாயம் போடுங்கள்.