மவுஸுக்குப் பின்னால் ஒரு ரேடார்காரர்

வணக்கம். தொண்டியிலிருந்து கீழக்கரை வரை கரையில் இருந்து கேட்கிறவர்களுக்கும், தொழிலுக்குப் போன இடத்தில் படகில் ரேடியோவைப் போட்டுவிட்டு வலை இழுப்பவர்களுக்கும் என் வணக்கம். மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பது என் வேலை. டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மவுஸைக் கண்டுபிடித்தவர் என்று பொது அறிவுக் கேள்விகளில் வருவாரே, அவர்தான். அந்த ஒரு வரியோடு அவரை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

1925-ல் போர்ட்லேண்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவை இழந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படைக்குப் போக வேண்டி வந்தது. ரேடார் பார்க்கும் வேலை. பிலிப்பைன்ஸுக்குக் கப்பலேறினார். போர் முடிந்த நேரம், கையில் பொழுது நிறைய. லெய்ட்டே தீவில், கால் நட்டு உயர்த்திக் கட்டிய ஒரு குடிசையில் செஞ்சிலுவைச் சங்கத்தார் நூலகம் வைத்திருந்தார்கள். அங்கே வன்னிவர் புஷ் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மனிதன் சேர்த்த அறிவு மலையாகக் குவிந்துவிட்டது, அதில் வேண்டியதைத் தேடி எடுத்து ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்க்க ஒரு இயந்திரம் வேண்டும் என்பது அதன் சாரம்.

ஊர் திரும்பி, படிப்பை முடித்து, கலிஃபோர்னியாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1950 கடைசியில் கல்யாணம் நிச்சயமாகிறது. நல்ல வேலை, நல்ல பெண். சரி, மிச்ச ஆயுளில் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்கிறார். அப்போது மனதில் விழுந்த படம்தான் அவர் வாழ்க்கையையே இழுத்துக்கொண்டு போனது. ரேடார் திரை முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு கம்ப்யூட்டர் திரை முன்னால் மனிதர்கள் உட்கார வேண்டும். திரையில் எழுத வேண்டும், அழிக்க வேண்டும், சேர்ந்து யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இதைச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் என்றால் துளை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது என்றிருந்த நாட்கள் அவை.

1957-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, மெல்ல மெல்லத் தன் யோசனைக்குப் பணம் திரட்டினார். திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட எது வசதி என்ற கேள்வி வந்தது. அதற்கு அவர் யோசித்துவைத்ததை, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே 1964-ல், பில் இங்கிலிஷ் என்ற கூட்டாளி செய்துகொடுத்தார். மரக்கட்டையால் ஒரு பெட்டி, மேலே ஒரே ஒரு பொத்தான். நம் ஊர் ஓடாவி கையில் கொடுத்தால் அதைவிட நேர்த்தியாகச் செய்திருப்பார். விஷயம் அடியில் இருந்தது. ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். நேராக நகர்த்தினால் ஒரு சக்கரம் உருளும், மற்றது சும்மா வழுக்கும். பக்கவாட்டில் நகர்த்தினால் மாறி நடக்கும். கோணலாகப் போனால் இரண்டும் அந்தந்த அளவுக்கு உருளும். ஜிபிஎஸ்ஸில் அட்சம், தீர்க்கம் என்று இரண்டு எண் இருந்தால் கடலில் எந்த இடத்தையும் பிடித்துவிடலாம் இல்லையா, அதே கணக்கு. நிலப்படத்தில் பரப்பளவு அளக்கும் பழைய கருவி ஒன்றின் சக்கரத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் இயக்கும் கருவி என எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தார்கள். பழகியவர்கள் கையில் மவுஸ்தான் முந்தியது. 1970 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது.

அதற்கு முன்பே, 1968 டிசம்பர் 9-ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் 1,000 பேர் முன்னால் 90 நிமிடம் இதையெல்லாம் செய்து காட்டினார். கம்ப்யூட்டர் இருந்ததோ ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி, மென்லோ பார்க்கில். அங்கிருந்த சக ஊழியரின் முகம் திரையில் தெரிய, இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி பேசி வேலை செய்தார்கள். ஒரு சொல்லைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டலோடு சரி. 1970-களில் அவருடைய ஆட்கள் பலர் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், பணமும் வற்றியது. வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்து கட்டைகள் கொண்ட சின்ன விசைப்பலகை. கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி எழுத்து வரவைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பழகினால் வேகம் வரும். பழகத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. மற்றவர்கள் எளிமையைத் தேடினார்கள், இவர் தேர்ச்சியைக் கேட்டார். எனக்கு இவர் பக்கம்தான் சாய்வு. நம் வடகடல், தென்கடல் தொழிலில் பழகாமல் எது கைக்கு வந்திருக்கிறது? ஆனால் கடையில் ஓடியது எளிமைதான்.

மவுஸ் உரிமத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் ஆப்பிளுக்குச் சுமார் 40,000 டாலருக்குக் கொடுத்ததாகச் சொன்னவர் எங்கல்பார்ட்டேதான். அவருக்கு ராயல்டி கிடையாது. காப்புரிமை 1987-ல் காலாவதியானது. மவுஸ் வீட்டுக்கு வீடு வந்தது அதற்கப்புறம்தான். 1997-ல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும், கண்டுபிடிப்பாளர்களுக்குத் தரும் 5,00,000 டாலர் லெமல்சன் பரிசும் வந்தன. 2013 ஜூலை 2-ல், 88 வயதில் காலமானார்.

அந்த 1968 நிகழ்ச்சி முழுவதும் படமெடுத்துவைக்கப்பட்டு, இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மவுஸையே பார்த்துக்கொண்டிருக்காமல், அவருடைய இடது கையையும் கொஞ்சம் கவனியுங்கள். நன்றி, வணக்கம்.