ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: கொடிநாள் கூட்டத்தில் பேசியது

தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் வந்திருக்கிற வட்டாட்சியர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, பதக்கங்களோடு முன்வரிசையில் இருக்கிற மூத்த படைவீரர்களே, பின்வரிசையில் இருக்கிற வீரர்களின் மனைவிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். படைவீரர் நலனுக்கு நிதி திரட்டுகிற இந்தக் கொடிநாள் 1949-இல் தொடங்கிய வரலாற்றைப் பேராசிரியர் ஐயா அழகாகச் சொல்லிவிட்டார். அவருக்கு நன்றி. பட்டாளத்தில் 24 ஆண்டு கிளார்க்காக இருந்து பதிவேடு எழுதியவன் நான். எனவே கணக்குக்கு வருகிறேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். பாதுகாப்புக்கு எவ்வளவு செலவாகிறது, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் யார் கைக்குப் போகிறது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று என் பாட்டி சொல்வார். நாட்டுக் கணக்குக்கும் அதுதான் அளவு.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர், ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி, கிட்டத்தட்டப் பாதி. ஒரு பக்கம் பிரிவினை, அகதிகள். இன்னொரு பக்கம் காஷ்மீரில் சண்டை. பிறந்த வீட்டில் தொட்டில் வாங்குவதற்கு முன்பே கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க வேண்டியிருந்தது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி. நூறு ரூபாயில் பதின்மூன்றரை ரூபாய்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? வரி, அப்புறம் கடன். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் அதே 2025-26-இல் 12.76 லட்சம் கோடி, நூறில் இருபத்தைந்து ரூபாய். பட்டாளத்தால்தான் நாடு கடனாளியாகிறது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரவுக்கு மேல் செலவாகிற பற்றாக்குறையை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவர 2003-இல் சட்டமே போட்டார்கள்; 2025-26-இல் இலக்கு 4.4 சதவீதம். அதைப் பேசத் தனிக் கூட்டம் வேண்டும்.

என் மனசில் இருப்பது மூன்றாவது கேள்வி. அந்த 6.81 லட்சம் கோடியில் ஓய்வூதியம் 1.60 லட்சம் கோடிக்கு மேல். ஏறத்தாழ 34 லட்சம் பேருக்குப் போகிறது. "பீரங்கி வாங்க வேண்டிய பணத்தைப் பென்ஷன் தின்கிறது" என்று டிவி விவாதத்தில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரு சிப்பாய் நாற்பது வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறான். பனியில் நின்ற வருஷங்களுக்கு அரசு பாக்கி வைத்த சம்பளம்தான் பென்ஷன். 2022-இல் வந்த, நான்கு ஆண்டுக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டத்தில், அந்த நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒருவர் வரைதான் தொடரலாம். மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியும் கிடையாது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், இங்கேயே இருக்கிறார். வீட்டுக்காரர் 17 ஆண்டு சர்வீஸ் போட்டவர், திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்த வாரமே இந்த அம்மா மஞ்சப்பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு, குடும்பப் பென்ஷன் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். "பெயர் சரியில்லை, மாற்றிக்கொண்டு வாங்க" என்றார்கள். என்ன சரியில்லை என்று சொல்லவில்லை. ஆதார் மையத்துக்குப் போனார். வங்கிக்குப் போனார். வங்கியிலிருந்து மறுபடி அலுவலகம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ், ஒரு நாள் கூலி போச்சு. அங்கே ஒருவர், "அடுத்த மாசம் பாருங்க" என்றாராம். அடுத்த மாசம் அவருக்கு மாறுதல்.

பதினொன்றாவது மாதம் என்னிடம் வந்தார். வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் வீட்டுக்காரரின் ராணுவ எண். துணிக்கு அடியில், பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக் இருந்தது. திறந்து பார்த்தேன். மனைவி பெயர் "அம்மா" என்று முடிந்திருந்தது. ஆதாரில் "அம்மாள்". ஒரே ஒரு 'ள்'! அந்த ஒற்றை எழுத்துக்காகப் பதினொரு மாதம் அடுப்பு எரியவில்லை. என்றைக்கோ யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது. நானும் அப்படிப்பட்ட பதிவேடுகளை எழுதியவன்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினோம். மூன்றே மாதத்தில் நிலுவையோடு பணம் வந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றேனே, டெல்லியில் அளந்துதான் போடுகிறார்கள். இங்கே வந்து சேர்ந்ததை அளக்கத்தான் ஆள் இல்லை. மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; எழுபது வயது அம்மாவுக்கு அது இரண்டு பஸ் தூரம். மாதம் ஒரு நாள் அங்கிருந்து ஒருவர் நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். ஒரு மேசை, ஒரு கணினி, பெயர்த் திருத்தமும், பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றும் அங்கேயே முடிய வேண்டும். பாதுகாப்பு பட்ஜெட்டில் இதற்கு ஒரு பீரங்கிக் குண்டின் விலைகூட ஆகாது.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். வட்டாட்சியர் ஐயா தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் எல்லோரும் போட்டுவிட்டால், அந்த அம்மாவே மனுவை அவர் கையில் கொடுப்பார். நன்றி, வணக்கம்.